உம்முடைய கல்வெட்டில் வெஸ்ட்பாலியா

விரலில் செம்பு மணக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உம்முடைய செப்புக் காசு என் மேசையில், அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்த தாள்களின் மேல் கிடக்கிறது. லண்டன் மோர்டனில் இன்று காற்று பலம். ஜன்னலைத் திறந்தால் தாள்கள் எழும்புகின்றன; மூடினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் திறந்துவைத்துவிட்டுக் காசைப் பாரமாக வைத்தேன். பிறகு எழுந்து நடந்தேன், திரும்பி வந்தேன், காசைத் தூக்கினேன், வாசித்தேன், மறுபடி வைத்தேன். காலை முழுவதும் இப்படியே போயிற்று.

காஸல் நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய காசு என்று சொன்னீர். ஒரு பக்கத்தில் அரசனின் பெயரெழுத்துகள் இரண்டு பின்னிக் கிடக்கின்றன. மற்றப் பக்கம் தேய்ந்துவிட்டது. நெப்போலியன் தன் கடைசித் தம்பிக்காக ஜெர்மன் நிலத்தில் அங்குமிங்கும் வெட்டி ஒட்டி உண்டாக்கிய வெஸ்ட்பாலியா இராச்சியத்தின் காசு அது. ஆயிரத்து எண்ணூற்றேழில் பிறந்த அந்த அரசு பதின்மூன்றில் இல்லாமல் போயிற்று. நீரும் இந்தக் காசை உம்முடைய கையெழுத்துத் தாள்களின் மேல்தான் வைத்திருந்தீர். "அரசு போயிட்டுது, காசு இன்னும் வேலை பாக்குது காணும்" என்பீர்.

இப்போது அது பாரமாக நிற்பது உம்முடைய கல்வெட்டின் மேல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். முதலில் பிள்ளையார், பிறகு தோத்திரம், படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இரங்கலுரை, நன்றி. மீதிப் பக்கங்களுக்குச் சமையல் குறிப்போ மருத்துவக் குறிப்போ போடுவார்கள். உம்முடையதில் நீர் எழுதிவைத்த வெஸ்ட்பாலியா வரலாறு வருகிறது. அது பவளத்தின் முடிவு. "இவ்வளவு காலமா இருந்து எழுதினவர். வேறை ஆர் அண்ணை இதை அச்சடிக்கப் போகினம்? கல்வெட்டிலை போட்டால் வீட்டுக்கு வீடு போகும்" என்றாள். உம்முடைய மனைவி சொன்னால் அது சொன்னதுதான். செம்மைப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது.

இன்று பின்னேரத்துக்குள் நான் 'சரி' சொல்ல வேண்டும். எல்லாம் சரி, கடைசிப் பக்கத்தைத் தவிர. நீர் எழுதாத ஒரு வரியை நீர் எழுதியதாகச் சேர்க்கும்படி உம்முடைய தமையனார் கேட்கிறார். நான் ஏலாது என்றேன். அவர் நேற்று உம்முடைய வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

நாம் பழகியது காரில். அவ்வளவு காலமும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஓடிச் செய்தி சேர்த்தவன், ஐம்பது கடந்த பிறகு கார் பழக வேண்டுமென்று உம்மிடம் வந்தேன். கோலியர்ஸ் வுட்டில் உம்மிடம் கார் ஓட்டப் பழகாத தமிழர் குறைவு. பயிற்சிக் கார் என்பதால் உம்முடைய பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. நான் பிழை விடப் போகிறேன் என்பதை நான் அறிய முன்னமே கார் நின்றுவிடும்.

"கிளச்சை மெல்ல விடும். மெல்ல, மெல்ல. ராசா காஸலுக்குள்ளை வாறார், சனம் ரோட்டுக் கரையிலை நிக்குது. நீர் குதிரையை இப்பிடி உதறவிட்டால் என்ன நடக்கும்?"

"ராசா விழுவார்."

"ராசா விழட்டும். பின்னாலை பஸ் நிக்குது, கண்ணாடியைப் பாரும்."

யாருடைய ராசா, எந்தக் காஸல் என்று அன்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு நான் ரெஸ்ற் பாஸான பின்னும் அந்தக் கதை முடியவில்லை.

லண்டனுக்கு வர முன்னம், ஜெர்மனிக்குப் போன புதிதில் உம்மைக் காஸலுக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பம் போட்டவர் அனுமதியில்லாமல் தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊருக்குப் போகும் வழியில் பொலிஸ் உம்மை மறித்துத் திருப்பி அனுப்பியது. மற்றவர்கள் திட்டிவிட்டுச் சீட்டாடப் போனார்கள். நீர் நகர நூலகத்துக்குப் போய் வரைபடம் கேட்டீர். "தாண்டாதை எண்டு சொன்னாங்கள். அப்ப எல்லை எண்டால் என்னெண்டு பாப்பம் எண்டு தொடங்கினனான்." பழைய வரைபடங்களில் அதே பாதையில் அதே இடத்தில் எல்லை இருந்தது, வெஸ்ட்பாலியா இராச்சியம் இருந்த சில வருடங்களில் மட்டும் இல்லை. இரண்டு ஊரும் ஒரே நாடு. "அப்ப பிறந்திருந்தால் நடந்துபோய்ப் பேக்கரியிலை பாண் வாங்கியிருப்பன்" என்று சிரித்தீர். சிரித்துவிட்டு, "வாங்கிக்கொண்டு வர முன்னம் பட்டாளத்துக்குப் பிடிச்சிருப்பாங்கள்" என்றும் சேர்த்தீர்.

டோர்ட்முண்டில் இருந்த உம்முடைய மச்சான் ரெலிபோனில் "நாங்கள்தானே வெஸ்ட்பாலியாக்காரர்" என்று சொல்லப்போய் நீர் அவரோடு சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருந்தீர், நான் பின்சீற்றில் இருந்தேன். இன்றைய வெஸ்ட்பாலியாவில் இருக்கும் டோர்ட்முண்ட் அந்த இராச்சியத்துக்குள் வரவில்லை, பேர் மட்டும்தான் ஒன்று, நாடு வேறு என்று விளக்கினீர். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி அத்தான், இப்ப அங்கை வீட்டு வாடகை எப்பிடி?" என்றார்.

அந்த அரசனைப் பற்றிப் பேசவே உமக்கு விருப்பமில்லை. ஜெர்மன் தெரியாதவன், ஆட்டபாட்டக்காரன், வைனில் குளித்தவன் என்று காஸலில் இன்னும் கதை சொல்கிறார்கள் என்றீர். குளித்ததற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "உமக்கு அதுதான் முக்கியம்" என்று முறைத்தீர். நீர் சொன்னது வேறு. எழுதப்பட்ட அரசியலமைப்பு ஒன்று அந்த இராச்சியத்துக்கு இருந்தது. ஜெர்மன் மண்ணில் அதுவே முதலாவது. பண்ணையடிமை முறை போயிற்று. யூதர்கள் மற்றக் குடிமக்களுக்குச் சமமானார்கள். அதே அரசு வீட்டுக்கு வீடு இளைஞரைப் பிடித்து நெப்போலியனுக்காக ரஷ்யாவுக்கு அனுப்பியது. போனவர்களில் திரும்பியவர்கள் மிகச் சிலர். ஓர் அத்தியாயத்தில் இந்த இரண்டையும் பிரித்து எழுதும்படி நான் சொன்னேன், வாசிக்க இலகுவாக இருக்கும் என்று. "பிரிக்கேலாது. நல்லதைக் குடுத்ததும் பிள்ளையளைக் கொண்டுபோனதும் ஒரே கை" என்று திருப்பித் தந்தீர். என் கையால் ஒரு பெயரடை கூடினால்கூடக் கண்டுபிடித்துவிடுவீர். "உம்மடை சரக்கை இதிலை ஏத்தாதையும்."

கடைசி அத்தியாயத்தை நீர் எனக்குத் தாளில் தர முன்னம் காரில் சொன்னீர். அது ஒரு மழைநாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நெப்போலியன் தோற்றதும் தம்பியும் ஓடினான். பழைய கோமகன் காஸலுக்குத் திரும்பி வந்தான். சனம் அவனுடைய வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனது. அவனோ தான் ஏழு வருடம் தூங்கி எழுந்தது போல நடந்துகொண்டான். இடையில் நடந்த எதுவும் நடக்கவில்லை. வெஸ்ட்பாலியாக்காரரிடம் காணி வாங்கியவனிடமிருந்து காணி போயிற்று. படைவீரர் வெட்டியெறிந்த பழைய காலத்துச் சடையை மறுபடி பின்ன வேண்டும். இடையில் பதவி உயர்ந்த அதிகாரி, கோமகன் விட்டுப்போன நாளில் என்னவாக இருந்தானோ அதுவாகவே திரும்பிப் போய் நிற்க வேண்டும்.

அந்த இடத்தில் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னீர். நிறுத்தினேன்.

"மேஜரா நிண்டவனை லெப்டினன்ட் எண்டு கூப்பிட்டால், அவன் திரும்பிப் பாப்பானோ காணும்?"

"சம்பளம் வேணுமெண்டால் பாப்பான்" என்றேன்.

நீர் சிரிக்கவில்லை. வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர். "இதை அண்ணைக்குச் சொல்லேலாது" என்றீர். பிறகு, "எடும், போவம்."

தமையனாரின் கதையை நான் வேறு ஆட்களிடமிருந்துதான் அறிந்தேன். அவர் வன்னியில் ஒரு பாடசாலையில் ஆசிரியர். யுத்த காலத்தில், தலைமையாசிரியராக இருந்த அதிபர் குடும்பத்தோடு போய்விட, தலைமைப் பொறுப்பை இவர் ஏற்றார். பாடசாலை இடம்பெயர்ந்தபோதெல்லாம் அதைத் தன்னோடு கொண்டுபோனார். மரத்தின் கீழும் தறப்பாள் கூடாரத்தின் கீழும் வகுப்பு வைத்தார். அந்த இடத்துச் சனத்துக்கு அவர்தான் அதிபர். யுத்தம் முடிந்து அரசாங்கக் கந்தோர்கள் திறந்தபோது, பதிவுக் கோவையில் அப்படி ஒரு நியமனம் இல்லை என்றார்கள். ஆசிரியராக வேலைக்குத் திரும்பி ஆசிரியராகவே ஓய்வுபெற்று, இப்போது வட லண்டன் எட்மண்டனில் மகனோடு இருக்கிறார். அந்த வருடங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. நீரும் அவரிடம் கேட்டதில்லை.

பிறகு நூலக மண்டபத்தில் நீர் வெஸ்ட்பாலியா பற்றிப் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் அதிகமில்லை, வந்தவர்களிலும் பாதிப் பேர் உம்மிடம் கார் பழகியவர்கள். தமையனார் பின்வரிசையில், கோட்டைக் கழற்றாமல் இருந்தார். பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்தார். "நீங்கள் சுத்தி வளைச்சுச் சொல்லுறது எங்கட கதைதானே?" நீர் தண்ணீர்ப் போத்தலை மூடினீர்.

"நான் சொன்னது காஸல்காரற்றை கதை. அவையும் மனிசர்தான், அவைக்கும் ஒரு கதை இருக்கும். ஒருத்தற்றை செத்தவீட்டுக்குப் போய் எங்கட செத்தவீட்டைச் சொல்லி அழக் கூடாது."

கை தட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. திரும்பிப் பார்த்தபோது பின்வரிசையில் தமையனார் இல்லை.

நேற்று உம்முடைய வீட்டு மேசையில் எல்லோரும் கூடினோம். பவளம், உம்முடைய மகள் தர்சினி, தமையனார், நான். அச்சகத்தார் வழமையான கல்வெட்டு அச்சில் எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பியிருந்தார்கள். வம்சாவளிப் பக்கத்தைத் திறந்த தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஹூ இஸ் திஸ்?"

உம்முடைய தகப்பனாரின் படம் வர வேண்டிய முட்டை வட்டத்துக்குள், தோளில் பொன்சரிகையும் கழுத்தில் பதக்கமுமாக நெப்போலியனின் தம்பி இருந்தார். கீழே 'அன்புத் தந்தை' என்று போட்டிருந்தது. நீர் ஒருபோதும் போட விரும்பாத படம் அது. நான்தான் முதல் அத்தியாயத்துக்கு அனுப்பியிருந்தேன்.

பவளம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "மாமாவின்ரை மூக்கு இதைவிட வடிவு" என்றாள், தன் மாமனாரைச் சொல்லி. அதற்கு எல்லோரும் சிரித்தோம். நீர் போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. தமையனாரும் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே கடைசிப் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இது இப்பிடி முடியேலாது. சடையைப் பின்னச் சொன்னதோடை நிக்குது. இதுக்குப் பிறகு ஒரு வரி வேணும். 'இதுவே எமது கதையும்' எண்டு."

"அவர் அப்பிடி எழுதேல்லையே அண்ணை."

"எழுதேல்லை. நினைச்சவன். எனக்குத் தெரியும்."

"நினைச்சதை அச்சிலை போடேலாது."

"நீர் எத்தினை பேருக்கு அறிக்கை எழுதிக் குடுத்திருப்பீர்? செத்த தம்பிக்கு ஒரு வரி எழுத ஏலாதோ?"

உண்மையில் என் உறுதியும் ஆட்டம் கண்டிருந்தது. மழையில் நிறுத்திய காரையும் நீர் சொன்ன அந்த வார்த்தையையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வரிக்கு அதுவே சான்றாகிவிடும். மண்டபத்தில் நீர் சொன்ன செத்தவீட்டுப் பதிலை மட்டும் நினைவுபடுத்தினேன். அவருடைய முகம் இறுகியது.

அதற்குள் பவளம் பேசினாள். பிளேன்ரீக் கோப்பைகளை வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல்.

"அவர் சொன்னவர்தான். மண்டபத்திலை நல்லாத்தான் இருந்தது. ஆனா, செத்தவீட்டுக்கு வாற சனம் ஆருக்காக அழுகுது? தன்ரை தாயை, தன்ரை பிள்ளையை நினைச்சுத்தானே அழுகுது. இப்ப இது அவற்றை செத்தவீடு. இஞ்சை இருக்கிற அத்தானுக்கு அழோணும் எண்டால் அழட்டும். ஆனா அவற்றை வாயாலை அழ வேண்டாம், தன்ரை வாயாலை அழட்டும். இரங்கலுரைப் பக்கத்திலை இடம் இருக்குது."

நான் உடனே பிடித்துக்கொண்டேன். "ஓம் அண்ணை. உங்கட பேரிலை எழுதுங்கோ. எதையும் வெட்ட மாட்டன்."

தமையனார் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். "என்ரை பேரிலை ஆர் வாசிக்கப் போகினம்?" என்றார். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடக்க, கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தர்சினி "பெரியப்பா, நில்லுங்கோ" என்று ஸ்டேஷன் வரைக்கும் பின்னால் போனாள்.

இதுதான் என்னை இன்று காலை முழுவதும் இருக்க விடாதது. நான் காத்தது உம்முடைய சொல்லையா, என் தொழில் பழக்கத்தையா? நீர் அந்த அத்தியாயத்தை யாருக்காக எழுதினீர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆள் அதைத் தன் கண்ணால் வாசித்துத் தன்னைக் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு 'இல்லை, இது காஸல்காரரின் கதை' என்று அவருடைய கையிலிருந்து பிடுங்கி வைத்தவன் நான். பிழை எங்கே என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். வரிகளில் பிழையில்லை.

மத்தியானம் ரெலிபோன் அடித்தது.

"தம்பி, பேனை இருக்கோ? மெல்லச் சொல்லுறன், எழுதும்."

வகுப்பில் சொல்வதெழுதுதல் வைப்பவரின் குரல். காற்புள்ளியையும் சொன்னார். அதை அப்படியே உமக்கும் எழுதுகிறேன்:

'என் தம்பி எழுதிய ஜெர்மன் கதையில், சடை பின்னச் சொன்ன இடத்தில், நான் நிற்கிறேன். அவன் என் பெயரைப் போடவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை போயும் இருக்கிறேன். இப்போது வாசித்துவிட்டேன், தம்பி.'

அவ்வளவுதான். 'எமது கதை' என்ற சொல் அதில் இல்லை. நான் திருப்பி வாசித்துக் காட்டினேன். "சரி" என்றார்.

"பேருக்குக் கீழை என்ன போட அண்ணை?"

கல்வெட்டில் இரங்கலுரை எழுதுகிறவரின் பெயருக்குக் கீழே அவருடைய தொழிலையோ பதவியையோ போடுவது வழக்கம் என்பது உமக்குத் தெரியும். பென்சன் எடுத்து எவ்வளவு காலமானாலும் விடமாட்டார்கள். எட்மண்டனில் எங்கோ ஒரு கதவு அடிபட்டது.

"ஓய்வுபெற்ற ஆசிரியர் எண்டு போடும்."

எழுதினேன். பேனை அங்கேயே நின்றது. எத்தனையோ வருடம் ஆட்களிடம் பெயரையும் பதவியையும் கேட்டு எழுதியவன் நான். கோவையில் உள்ளதை எழுதுவது எப்போதும் பாதுகாப்பு. காசைப் பார்த்தேன்.

"அண்ணை, கோவையிலை உள்ளதைக் கேக்கேல்லை. தறப்பாளுக்குக் கீழை பள்ளிக்கூடம் நடந்த நேரம், காலமை மணியை அடியுங்கோ எண்டு சொன்னது ஆர்?"

"மணி எங்கை இருந்தது? ஒரு இரும்புத்துண்டு."

"அதை அடிக்கச் சொன்னது?"

"நான்தான்."

"பிள்ளையள் உங்களை என்னெண்டு கூப்பிட்டவை?"

இப்போது அவரிடம் வகுப்பறைக் குரல் இல்லை.

"அதிபர் எண்டு."

"பள்ளிக்கூடத்தின்ரை பேரைச் சொல்லுங்கோ."

ஊர்ப் பெயரோடு, ஓரெழுத்தும் விடாமல் சொன்னார். பிறகு, "அப்பிடிப் போடேலுமோ தம்பி? ஆரும் கேட்டால்?" என்றார்.

"கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ."

வெட்டினேன். மாற்றி எழுதினேன். பெயருக்குக் கீழே: அதிபர். அதற்குக் கீழே பாடசாலையின் பெயர். 'முன்னாள்' என்று போடவில்லை, அவரும் சொல்லவில்லை.

உம்முடைய கடைசி அத்தியாயம் நீர் விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒரு சொல் கூடவில்லை. முட்டை வட்டத்துக்குள் உம்முடைய தகப்பனார் தன் சொந்த மூக்கோடு திரும்பி வந்துவிட்டார். அந்த அரசனின் படத்தைப் புத்தகத்தை விட்டே எடுத்துவிட்டேன். நீர் கேட்டதும் அதுதானே. அச்சகத்துக்குச் 'சரி' அனுப்பிவிட்டேன். தாள்களைப் பவளத்திடம் காட்டக் கோலியர்ஸ் வுட்டுக்குப் போகிறேன். காசை அவளிடம் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன், ஆனால் அது என் சட்டைப் பையில் இருக்கிறது. அவள் கேட்டால் கொடுப்பேன்.

உம்மிடம் கார் பழகியவர்களுக்கு எல்லாம் இது இருக்கிறதோ தெரியாது. இன்னும் நான் ஒரு சந்தியில் திரும்பும்போது இடப்பக்கத்தில் உம்முடைய கால் பிரேக்கில் விழுவதை எதிர்பார்க்கிறேன். பிழையென்றால் கார் நின்றுவிடும், நிற்காவிட்டால் போகலாம் என்று உடம்பு நம்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதவியை எழுதியபோதும் அப்படித்தான் ஒரு கணம் பார்த்திருந்தேன்.

நீர் பிரேக் மிதிக்கவில்லை.